வீங்கிய பேட்டரிக்கு வாரண்டி மறுப்பு: புகார் கடிதம்

அனுப்புநர்:
திருமண வீடியோ எடிட்டர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இந்தியத் தலைமை அலுவலகம்.

பொருள்: லேப்டாப் பேட்டரி வீங்கி டிராக்பேட் எழும்பியது, எஸ்எஸ்டியையும் (டேட்டாவைச் சேமிக்கும் பாகம்) தெர்மல் பேஸ்டையும் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றியதைக் காரணம் காட்டி வாரண்டி மறுக்கப்பட்டது.

ஐயா / அம்மா,

நவம்பர் 2023-இல் உங்கள் நிறுவனத்தின் பிரீமியம் வரிசையைச் சேர்ந்த 14 அங்குல லேப்டாப்பை 1,84,990 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்யும் 3 வருட வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டினேன். பேட்டரிக்கு மட்டும் ஒரு வருடம்தான் என்று பில் போடும்போது சொன்னார்கள். அதையும் 3 வருடமாக்க இன்னொரு தொகை கேட்டார்கள், அதையும் கட்டினேன். இந்தக் கடிதத்தின் பாதி வழக்கு அந்த ரசீதிலேயே இருக்கிறது.

சென்ற மாதம் டிராக்பேடின் வலது பக்கம் க்ளிக் ஆவது நின்றது. தொட்டுப் பார்த்தால் கீழ் விளிம்பு நகத்தில் இடிக்கிறது. கண்ணாடி மேசையில் வைத்தால் லேப்டாப் நான்கு காலிலும் நிற்காமல் ஆடுகிறது. உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் வந்து அடிமூடியைக் கழற்றினார். நடுவில் இருக்கும் இரண்டு செல்கள் உப்பி, மேலே டிராக்பேடை முட்டிக்கொண்டிருந்தன. நானும் அவரும் சேர்ந்துதான் பார்த்தோம், படமும் எடுத்தோம். பிறகு அவர் பார்வை எஸ்எஸ்டி மேல் போனது. நீங்கள் கொடுத்த 512 ஜிபிக்குப் பதில் 2 டிபி இருந்தது. சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் ஸ்க்ரூக்களில், பிரித்தால் தெரிவதற்காக ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் கிழிந்திருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொண்டு போனார். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த அறிக்கையை வைத்து இதை 'சிஐடி', அதாவது வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்று முடிவு கட்டியது உங்கள் அலுவலகம். பேட்டரி, டிராக்பேட், மேல்பகுதி எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டியோடு 41,000 ரூபாய்க்கு மேல் கொட்டேஷனும் அனுப்பிவிட்டீர்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நான் மாற்றிய எந்தப் பொருள், எந்த வழியில், அந்த இரண்டு செல்களை வீங்க வைத்தது? அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை. மாற்றம் இருக்கிறது, ஆகவே வாரண்டி இல்லை என்பதோடு முடிகிறது. உங்கள் வாரண்டி விதிகளை முழுதும் படித்துவிட்டேன். மாற்றங்களால் உண்டாகும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றுதான் இருக்கிறதே தவிர, மாற்றம் செய்தாலே வாரண்டி கிடையாது என்று எங்கும் இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை மெனக்கெட்டு லேப்டாப்பைப் பிரித்துப் பார்க்கும் ஆசை எனக்குக் கிடையாது.

முதலில் ஷாக். அலுமினிய பாடி, பார்க்க அழகுதான். சார்ஜில் போட்டபடி வேலை செய்யும்போது, வெறுங்கால் தரையில் பட்டால் மணிக்கட்டில் சுர்ரென்று அரிக்கும். நம் வீடுகளில் யார் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்? ஹெல்ப்லைனில் கேட்டதற்கு, "உங்க வீட்டு எர்த்திங் சரியில்ல சார், எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்க" என்றார்கள். எலக்ட்ரீஷியன் வந்தார், மீட்டர் வைத்தார், எர்த்திங் நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் உங்கள் அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதில் இருப்பது இரண்டு பின். எர்த் பின்னே இல்லாத அடாப்டருக்கு என் வீட்டு எர்த்திங் நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கபாசிட்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம்தான் அது, ஆளைக் கொல்லாது என்று அவரே விளக்கினார். உங்கள் நிறுவனமே வேறொரு மாடலுக்குக் கொடுக்கும் மூன்று பின் அடாப்டரைச் சொந்தக் காசில் வாங்கினேன். அரிப்பு அன்றோடு நின்றது. உங்கள் ஹெல்ப்லைன் பதிவேட்டில் அந்தப் புகார் 'வாடிக்கையாளர் வீட்டு வயரிங் கோளாறு' என்றுதான் இன்னமும் இருக்கிறது.

அடுத்தது ஸ்லீப். மூடியைச் சாத்திப் பையில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி மண்டபத்துக்குப் போய் இறங்கினால் பை கொதிக்கிறது, உள்ளே ஃபேன் ஓடுகிறது, சார்ஜ் காலி. பழைய லேப்டாப்புகளில் இருந்த, ஏறக்குறைய எல்லாம் அணைந்து கிடக்கும் எஸ்3 ஸ்லீப் இந்த மாடலில் இல்லை, எஸ்0 என்ற வகை மட்டும்தான். மூடியைச் சாத்தினாலும் நெட்வொர்க்கும் பின்னணி வேலைகளும் விட்டுவிட்டு விழித்துக்கொள்ளலாம் என்பது அதன் அமைப்பு. ஃபோனுக்கு அது சரி. மூச்சு விட இடமில்லாத பைக்குள் போகிற இதற்கு? மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது வேலையைச் சேமித்துவிட்டு முழுதும் அணைந்துபோகும்படி, நானே செட்டிங்கை மாற்றிக்கொண்டேன். உங்களுக்குச் செலவில்லை.

ஸ்க்ரோல் செய்யும்போது உள்ளே இருக்கும் மின்சுருள் அதிர்ந்து கீச்சென்று கேட்கும் காயில் சத்தத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். "நார்மல்" என்றீர்கள், விட்டுவிட்டேன். 16 ஜிபி ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருப்பதால் அதைக் கூட்ட வழியில்லை. வாங்கும்போதே தெரிந்த விஷயம், அதனால் அதைப் பற்றிப் புகார் இல்லை.

சூடு அப்படியல்ல. முகூர்த்த வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றப் போட்டால், சில நிமிடங்களில் பிராசஸர் 100 டிகிரியைத் தொடும், உடனே வேகம் பாதியாக விழும். உங்களுக்கு எழுதினேன். 100 டிகிரி வரை ஸ்பெசிஃபிகேஷனுக்கு உட்பட்டதே என்று பதில் வந்தது. சிப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், அந்தச் சூட்டில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத்தான் அது வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் அந்தச் சூடு சிப்போடு நின்றுவிடுவதில்லையே, அதே மெல்லிய பெட்டிக்குள் தானே பேட்டரியும் இருக்கிறது. சூடு குறைய பிராசஸரின் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம் என்றால், லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸில் அந்த வழி பூட்டியிருக்கிறது. 2019-இல், அந்த வோல்டேஜ் வசதியையே தாக்குதலுக்குப் பயன்படுத்தும் 'ப்ளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல நிறுவனங்கள் இப்படிப் பூட்டின. காரணம் நியாயமானது, குறை சொல்ல மாட்டேன். பூட்டிய பிறகு சூட்டைக் குறைக்க வேறு வழி காட்டியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே காந்திபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துத் தெர்மல் பேஸ்டை மாற்றினேன். பழைய பேஸ்ட் சிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கிக் காய்ந்து கிடந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இப்படி வெளியே பிதுங்குவது பேஸ்டுக்கு வழக்கம்தான் என்றார். அதற்குப் பதில் ஃபேஸ் சேஞ்ச் ஷீட் வைத்தார். சுமார் 45 டிகிரியில் இளகி, இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் வகை அது. அதே வீடியோ, அதே செட்டிங்கில் மறுபடி ரெண்டர் போட்டபோது 89 டிகிரிக்கு மேல் போகவில்லை. முன்னும் பின்னும் எடுத்த டெம்பரேச்சர் பதிவு இரண்டையும் இணைத்திருக்கிறேன். என் மாற்றம் லேப்டாப்பைக் குளிர வைத்திருக்கிறது. குளிர வைத்ததால் பேட்டரி வீங்கியது என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு எழுதித் தருமா?

எஸ்எஸ்டி விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் இணையதளத்தில் இருக்கும் சர்வீஸ் மேனுவல், எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்டு, எஸ்எஸ்டியை வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மாற்றும் முன் ஈமெயிலில் கேட்டும் வைத்தேன். எஸ்எஸ்டி மாற்றுவதால் வாரண்டி போகாது, மாற்றும்போது உடைந்தால் அதற்குப் பொறுப்பில்லை என்று உங்கள் பதில் இருக்கிறது. எஸ்எஸ்டி ஹிஞ்ச் பக்கம் இருக்கிறது. பேட்டரி கை வைக்கும் பகுதிக்கு அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு போர்டே கிடக்கிறது.

பேட்டரி வீங்க வேறு காரணம் இருக்கலாம், அது உங்கள் பக்கத்தில் இருக்கலாம். என் லேப்டாப் பெரும்பாலும் சார்ஜிலேயே கிடப்பது. அதற்காகவே உங்கள் ஆப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்திருந்தேன். லித்தியம் செல்லை முழு சார்ஜிலும் சூட்டிலும் நாள்கணக்கில் வைத்தால் உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும். செல் உப்புவது அந்த வாயுவால்தான். இந்த ஆண்டுத் தை முகூர்த்த நேரத்தில் ஒரு பயாஸ் அப்டேட் தானாகவே இறங்கியது. மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரையில், டேட்டாவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கிறது. பெண் வீட்டார் வீடியோவுக்காகப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்க, நான் அந்த எண்ணைத் தேடி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் களேபரத்தில் கவனிக்காமல் போனது இன்னொன்று. அதே அப்டேட் 80 சதவீத வரம்பையும் அழித்து 100-க்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு அறிவிப்புகூட வரவில்லை. மார்ச்சில் இது கண்ணில் பட்டதும் புகார் பதிந்தேன். "அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும்" என்று பதில் சொல்லி டிக்கெட்டை மூடினீர்கள். இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை, அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அறிக்கையில் அந்த டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

இதே மாடலை நீங்கள் அமெரிக்காவிலும் விற்கிறீர்கள். வேறு கம்பெனி பாகம் போட்டதாலேயே வாரண்டி போய்விடும் என்று அங்கே சொல்ல முடியாது. 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம் அதற்குத் தடை. 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை' என்ற பாணிக்காக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018-இல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதும் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தச் சட்டம் கோவையில் செல்லாது, எனக்கும் தெரியும். கிழிந்த ஸ்டிக்கருக்கு அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா என்று கேட்க எனக்குச் சட்டம் தேவையில்லை. இங்கேயும் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்ற முடிவை ரத்து செய்து, பேட்டரியையும் டிராக்பேடையும் வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். முடியாது என்றால், எந்த மாற்றம் எப்படி இந்த வீக்கத்தை உண்டாக்கியது என்பதைப் படங்களோடு, பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு எழுத்தில் தர வேண்டும். லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பச் சொல்லி வந்த உங்கள் கடைசி ஈமெயிலை ஏற்க மாட்டேன். வீங்கிய லித்தியம் பேட்டரியைக் கூரியர் வண்டியில் ஏற்றச் சொல்வது என்ன வகைப் பாதுகாப்பு? வீட்டுக்கு வந்து செய்யும் சர்வீஸுக்குத்தான் பணம் வாங்கியிருக்கிறீர்கள், இன்ஜினியரை அனுப்புங்கள். எஸ்எஸ்டியை நானே கழற்றி வைத்துக்கொள்கிறேன், அதில் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் இருக்கின்றன. சோதிக்க வேண்டுமென்றால் உங்கள் ஒரிஜினல் 512 ஜிபி பத்திரமாக இருக்கிறது, போட்டுத் தருகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. செல் ஏன் வீங்கியது என்பதை அவர்களே பார்த்துச் சொல்லட்டும். ஆவணியில் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன, அதுவரை வாடகை லேப்டாப்பில் வேலை ஓடுகிறது. அந்த வாடகை ரசீதுகளையும் மனுவோடு சேர்ப்பேன்.

பில், வாரண்டி ரசீதுகள், சர்வீஸ் அறிக்கை, செல் வீங்கிய படங்கள், டெம்பரேச்சர் பதிவு, மார்ச் மாத டிக்கெட், எஸ்எஸ்டி பற்றிய உங்கள் ஈமெயில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.
14.07.2025