கை எட்டாத இடத்துக்கும் பில் போட்டிருக்கிறீர்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆயில் மில் ஃபிட்டர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக், மலேசியா.

பெறுநர்:
மேலாளர்,
படகு விற்பனை, சர்வீஸ் பிரிவு.

பொருள்: மாற்றாத இம்பெல்லருக்கு (எஞ்சின் பம்பின் ரப்பர் சக்கரம்) இரண்டு முறை பணம் வாங்கியது

ஐயா,

தமிழில் பேசித்தான் இந்தப் படகை என்னிடம் விற்றீர்கள். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

24 அடி ஃபைபர் படகு, உள்ளே 4 சிலிண்டர் டீசல் எஞ்சின். மூன்று வருடத்துக்கு முன் ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. வாரக் கடைசியில் மச்சானும் நானும் பெர்ணம் ஆற்றில் தூண்டில் போட எடுத்துப் போவோம், அவ்வளவுதான். வாடகைக்கு விட்டதில்லை. இரண்டு வருடாந்தர சர்வீஸையும் உங்கள் ஆட்கள்தான் செய்தார்கள்.

இரண்டாவது சர்வீஸுக்குப் பிறகு மீட்டரில் ஓடியது 43 மணி நேரம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்திலிருந்து திரும்பும்போது புகைக்குழாயின் சத்தம் மாறியது. புகையோடு சேர்ந்து தண்ணீரும் பின்னால் கொட்ட வேண்டும். வெறும் ஆவிதான் வந்தது. சூடு காட்டும் முள் 100-ஐத் தொடும்போது எஞ்சினை அணைத்தேன். வற்றுநீர் எங்களைத் திரும்பவும் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நங்கூரம் போட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்த பிறகு, ஒரு சீன மீனவர் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

மறுநாள் உங்கள் சர்வீஸ் பிரிவுக்குப் போன் செய்தேன். "ஆற்றில் பிளாஸ்டிக் பை ஏதாவது உறிஞ்சியிருக்கும் அங்கிள், அது கம்பெனிப் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும் அடி வால்வ் திறந்துதான் இருந்தது. வடிகட்டியைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. மிச்சம் இருந்தது பம்ப் மட்டும்.

நீங்கள் எஞ்சின் ஆள் இல்லையென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினைக் குளிர வைப்பது ஆற்றுத் தண்ணீர். அதை உறிஞ்சித் தள்ளுவது பம்புக்குள் சுற்றும் ஒரு ரப்பர் சக்கரம். அதைத்தான் உங்கள் பில்லில் இம்பெல்லர் என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது வழக்கம்.

அந்த பம்ப் இருக்கும் இடத்தை நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். எஞ்சின் அறையின் மூடியைத் தூக்கினால் வாய் இரண்டடிக்கு ஒன்றரை அடி. பம்ப் எஞ்சினின் முன்பக்கத்தில், தடுப்புப் பலகையைப் பார்த்தபடி இருக்கிறது. நடுவில் ஐந்து அங்குல இடைவெளி. குப்புறப் படுத்து இடுப்பு வரை உள்ளே தொங்கினேன். மச்சான் மகன் காலைப் பிடித்துக்கொண்டான். இடது கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, வலது கையில் ஸ்க்ரூட்ரைவர், வாயில் டார்ச். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதால் முதல் பத்து நிமிடம் எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்றே புரியவில்லை. ரத்தமெல்லாம் தலைக்கு ஏறுகிறது, டீசல் வாடை வேறு. மூடியில் ஆறு ஸ்க்ரூ. கீழே உள்ள இரண்டையும் தடவித்தான் கழற்ற முடியும். ஒன்று கைதவறி அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தது. ஸ்டெயின்லெஸ், காந்தத்தில் ஒட்டாது. 31 வருடம் மில்லில் கொதிகலனுக்குள்ளெல்லாம் நுழைந்து வேலை செய்தவன் நான். அங்கே உட்காரவாவது இடம் இருந்தது.

ஆனால் இந்தக் கடிதம் இடநெருக்கடியைப் பற்றியதல்ல. அந்த ஆறு ஸ்க்ரூவின் தலையிலும் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. பள்ளத்துக்குள்ளும் பெயிண்ட்தான். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஸ்க்ரூட்ரைவர் நின்றது. எஞ்சின் செய்த நாளிலிருந்து அந்த மூடியை யாரும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். முதல் சர்வீஸில் "இம்பெல்லர், கேஸ்கெட், 185 வெள்ளி (ரிங்கிட்)". இரண்டாவதிலும் அதே வரி, அதே 185. பக்கத்தில் டிக், கீழே மெக்கானிக்கின் கையெழுத்து. மேலே கைக்கு எட்டும் ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் புதுசு. அதை நான் மறுக்கவில்லை. எஞ்சினின் சூட்டை ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பின்பக்கத்தில், அதை அரிக்காமல் காக்கத் தான் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால், பல் குத்தும் குச்சி அளவுக்குக் கரைந்துபோயிருக்கிறது. அதற்கும் பில்லில் ஒரு டிக்.

இம்பெல்லருக்கு ஆறு இதழ். அதில் நான்கைக் காணோம். பிளாஸ்டிக் பை அடைத்து பம்ப் காய்ந்து ஓடியிருந்தால் இதழ்களின் நுனி கருகியிருக்கும். இதில் நுனியெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அடியில்தான் வெடித்து முறிந்திருக்கிறது. வயதான ரப்பர்தான் அப்படி முறியும். முறிந்த துண்டுகளில் மூன்றைக் குழாய் வளைவிலிருந்து எடுத்துவிட்டேன். நான்காவது கிடைக்கவில்லை. அது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்தான் போயிருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். செய்யாத வேலைக்கு வாங்கிய 370 வெள்ளியையும், துத்தநாகக் கட்டைக்குப் போட்ட பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரை உங்கள் செலவில் கழற்றி அந்தத் துண்டை எடுங்கள். சூடேறியதில் ஹெட் கேஸ்கெட்டுக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் அந்தத் தடுப்புப் பலகையில், திறந்து மூடுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு வெட்டித் தாருங்கள். இதற்கு நான் பணம் தரத் தயார். கதவு இருந்திருந்தால் உங்கள் மெக்கானிக்கும் பொய் டிக் போட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை படகு முடிக்கச் சொல்லி அவரை விரட்டினீர்களோ!

14 நாளுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவு செய்வேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கட்டணம் ஐந்து வெள்ளி, வக்கீலும் தேவையில்லை. பில்கள், பெயிண்ட் உடையாத ஸ்க்ரூக்களின் படங்கள் (திறப்பதற்கு முன்பே கண்ணாடி வழியாக மச்சான் மகன் எடுத்தவை) எல்லாவற்றின் நகலையும் இணைத்திருக்கிறேன். பழைய இம்பெல்லரும் மூன்று துண்டுகளும் வீட்டில் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. அவற்றை நேரில் வந்து பார்க்கலாம், கொடுத்தனுப்ப மாட்டேன்.

படகு துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. ஆள் அனுப்புவதானால் தண்ணீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்புங்கள், வற்றினால் சேற்றில் இறங்க வேண்டிவரும். கொஞ்சம் ஒல்லியான ஆளாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்