அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தரைத்தள வீட்டுக் கழிவறையில் தண்ணீர் எதுக்களிக்கிறது என்றால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். நீங்கள் கழிவுநீர் லாரிக்குச் சொல்வீர்கள். லாரி வந்து செப்டிக் டேங்குக்குள் குழாயை விட்டு உறிஞ்சும். மேல்தண்ணீர் போய்விடும், வருஷக்கணக்கில் அடியில் இறுகிப்போன சகதி வராது. அப்போது லாரிக்காரர், "ஆளை இறக்கினாத்தான் சார் சுத்தமா எடுக்க முடியும், மேல கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்பார். அதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து முடியாது என்று சொல்லுங்கள்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதில் மழுப்பவே இல்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கக் கூடாது. கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டோம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. உயிர் போக வேண்டும் என்பதில்லை, இறக்கியதே குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. அதை வாங்க ஆண்டுக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் உண்டு.

ஆனால் வழக்குக்குப் பயந்து மட்டும் நீங்கள் மறுக்க வேண்டாம். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுங்கள். சகதியைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். சில மூச்சுகளில் நினைவு தப்பிவிடும். மேலே நிற்கும் தம்பியோ மச்சானோ கூப்பிட்டும் குரல் வராததால் அவரைத் தூக்க உள்ளே குதிப்பார். அதனால்தான் இந்தச் செய்திகளில் இறந்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறது. மூடியைத் திறந்து தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எரிந்தால் பயமில்லை என்று நம்புகிறார்கள். மீத்தேன் இருந்தால் தொட்டியே பற்றிக்கொள்ளும். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் அணையாமல் எரியும். முகத்தில் சுற்றும் துண்டு எந்த வாயுவையும் தடுக்காது.

"அவரே சம்மதிச்சுத்தானே இறங்கினார்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். இறங்கி இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர். இந்த வேலைக்கு எந்தத் தெருவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது லாரிக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பிறந்த சாதியால் ஒருவர் தலையில் வந்து விழுந்த வேலையை அவர் சம்மதித்துச் செய்ததாகச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. நம் வீட்டுப் பிள்ளையை அந்த மூடியருகே விளையாடக்கூட விடமாட்டோம்.

சரி, அடிச்சகதியை என்ன செய்வது? வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்துவிட்டு மறுபடி உறிஞ்சலாம். இன்னொரு நடைக்குக் கூடுதலாகக் காசு ஆகும், அதை வீட்டுக்கு வீடு பிரித்தால் பெரிய தொகை வராது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் எடுத்துவந்தால் சகதி இறுகாது. நாப்கின், டயப்பர், துணி எதையும் கழிவறையில் போடக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். அடைப்புக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். லாரிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 14420 என்ற உதவி எண்ணிலும் லாரிக்குச் சொல்லலாம்.

இன்னொன்று. புதிதாகக் கட்டிய தொட்டியில், கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கியும் ஆட்கள் சாகிறார்கள். கழிவு ஒரு சொட்டு இருக்காது. மூடிக்கிடந்த தொட்டியில் ஈரப்பலகை மக்கி ஆக்சிஜன் குறைந்துபோயிருக்கும். விரிவாக்க வேலை நடக்கும் குடியிருப்புகள் கட்டட மேஸ்திரியிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எப்படியோ ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே யாரும் இறங்காதீர்கள். 101 அல்லது 112-க்கு அழைத்து, தொட்டிக்குள் ஆள் மயங்கிக் கிடக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் சுவாசக் கருவியோடு வருவார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: "நம் குடியிருப்பின் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்குவதில்லை." அதை லிஃப்ட் பக்கத்திலும் வாட்ச்மேன் அறையிலும் ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் லாரி வந்தால் வாட்ச்மேன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மறுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து வராது என்பதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எல்லாத் தொட்டியும் ஒரே சமயத்தில் நிரம்பும், லாரி கிடைக்காது, அவசரத்தில் யாரையாவது இறக்கிவிடத் தோன்றும். அதனால் ஆவணிக்குள்ளேயே லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவர்