பழைய குப்பைமேட்டின் கணக்கு

தெலுக் இந்தான்

அன்பு நண்பா,

நலமா? தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே தினமும் சாயங்காலம் மழை. தோட்டத்துச் சாலை முழுக்க சேறு.

நீ குப்பை லாரி ஓட்டிய காலத்தைப் பற்றி உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். பேத்தி பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுக்கு வந்துவிட்டாள். நம் ஊர் ஒரு வருடத்தில் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது, 2050இல் எவ்வளவு விடும் என்று கணக்கிடுவதுதான் அவள் ஆய்வு. விடுமுறைக்கு வந்தவள் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாளைப் பரப்பியிருக்கிறாள். நானும் கூட உட்கார்ந்துவிட்டேன்.

எரித்தது எவ்வளவு, அதில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு வாயு, இரண்டையும் பெருக்கு. அவ்வளவுதான் முறை. நம் அடுப்படியிலுள்ள 14 கிலோ எரிவாயுத் தோம்பு தீர்ந்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு. 14 எப்படி 42 ஆகும் என்று கேட்டேன். எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது தாத்தா, அந்த எடையும் சேர்கிறது என்றாள். மோட்டாருக்குப் போடும் பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. மின்சாரத்தைக் கணக்கில் தனியாக எழுத வேண்டும். விளக்கு எரிவது நம் வீட்டில், நிலக்கரி எரிவது மஞ்சோங் மின்நிலையத்தில். நகரங்களுக்கென்று 2014இல் வந்த உலக நெறிமுறை அதையும் நம் பேரில்தான் எழுதச் சொல்கிறது. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

குப்பையில் வந்துதான் மாட்டிக்கொண்டோம். மண்ணுக்குள் காற்றுப்படாமல் அழுகும் குப்பை மீத்தேன் விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடேற்றுவதில் ஒரு டன் மீத்தேன் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம். நம் மாதிரி மழை ஊரில் சோறு, கறி மிச்சம் இரண்டு வருடத்துக்குள் பாதி அழுகிவிடுமாம். காகிதத்துக்குப் பத்து வருடம், மரத்துக்கு இருபது. 1990களில் நீ லாரியிலிருந்து கவிழ்த்த பலகையெல்லாம் இன்னும் உள்ளே அழுகிக்கொண்டுதான் இருக்கிறது! அதனால்தான் 2006இல் வந்த ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலைக் குழு) வழிகாட்டி, குப்பைக்கு மட்டும் 50 வருடத்துக் கணக்கைக் கேட்கிறது.

போன வாரம் அவளை அந்தப் பழைய குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆள் உயரத்துக்கு லாலாங் புல் வளர்ந்து கிடக்கிறது. மழை நின்ற நேரம். தேங்கிய தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. அவள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு குப்பை கொட்டினார்கள் என்று பழைய பதிவேடு கேட்கப் போனோம், வெள்ளத்தில் போய்விட்டது என்றார்கள். ஜனத்தொகையை வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பேத்தி சொன்னாள். கூடாது என்றேன். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவரை நாம் எங்கே குப்பையை ஊருக்கு அனுப்பினோம்? மிச்சம் கோழிக்கு, சருகு வாழைக்கு, மற்றதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தீயில். தோட்டத்தை விட்டு ஊருக்குள் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகுதானே நம் குப்பை உன் லாரியில் ஏறியது. தலையை எண்ணிப் பெருக்கினால் அந்த வருடங்களுக்கெல்லாம் பொய்க் கணக்கு வந்துவிடும். 2050க்கு அவள் இழுக்கும் கோடும் அங்கிருந்துதானே கிளம்ப வேண்டும்?

அப்புறம் இன்னொன்றும் யோசித்தேன். நாம் பையன்களாக இருந்தபோது கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் பால்மரம். இங்கே செம்பனை வரும், லயம் காலியாகும் என்று அன்று யார் நினைத்தார்கள்? அதனால் ஒரே கோடு வேண்டாம், இப்படியே போனால் ஒன்று, கூரைகளில் சூரியத் தகடு வந்தால் ஒன்று, செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்து வாயுவைப் பிடித்து எரித்தால் ஒன்று என மூன்றாகப் போடச் சொன்னேன். சரி என்றாள்.

நீ ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓட்டினாய்? லாரி எத்தனை டன்? தாமான் குப்பை எந்த வருடம் சேர்ந்தது? அடிக்கடி தீ வைத்தார்களா? முக்கியமாக, அந்தக் குழி எவ்வளவு ஆழம்? 5 மீட்டருக்கு மேல் என்றால் மீத்தேன் கணக்கு இரண்டு மடங்காகிவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணுகிறேன். பேத்தியும் பக்கத்தில் இருப்பாள். அவளிடமே சொல்லிவிடு.

உன் நண்பன்