கருப்பு லாட்டின் முதல் பாத்தில் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் 31 வருடம் டையிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பேத்தி கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். திரவச் சவ்வு கொண்டு தண்ணீரிலிருந்து சாயத்தைப் பிரிப்பது அவளுடைய புராஜெக்ட். போன மாதம் கல்லூரிக்கே போய்ப் பார்த்தேன்.

மண்ணெண்ணெயில் குழம்பாக்கும் மருந்தையும், சாயத்தைப் பிடித்துக் கடத்தும் ‘கேரியர்’ ஒன்றையும் கலந்து, கொஞ்சம் அமிலத் தண்ணீர் விட்டு வேகமாக அடித்தாள். கெட்டித் தேங்காய்ப்பால் போல வந்தது. மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கரைத்த தண்ணீரில் அதை ஊற்றி மெதுவாகக் கலக்கினாள். நீலம் எண்ணெய்ப் படலத்தைக் கடந்து, உள்ளே இருக்கும் அமிலத் துளிகளில் போய் மாட்டிக்கொள்கிறது. அந்தப் படலம்தான் சவ்வு. கலக்குவதை நிறுத்தியதும் பால் நீலமாகி மேலே மிதக்க, கீழே தண்ணீர் தெளிந்து நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோனேன். புது விஷயமும் இல்லையாம். 1960களில் நார்மன் லி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. 1980களிலேயே ஆஸ்திரியாவின் லென்சிங்கில் விஸ்கோஸ் ஆலைக் கழிவிலிருந்து இப்படித் துத்தநாகம் எடுத்திருக்கிறார்கள்.

சரி, நம் ஊர்ச் சாயப் பட்டறைக்கு ஆகுமா? எனக்கு உறுத்துவது அந்த மெத்திலீன் ப்ளூதான். அது நேர்மின் சாயம். பனியன் துணிக்கு நாங்கள் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின். கேரியரையே மாற்ற வேண்டும். அதோடு சாயம் துணியில் ஏறுவதற்குக் கொட்டும் உப்பு இருக்கிறதே! 100 கிலோ துணிக்குக் கருப்பு அடிக்க 800 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 80 கிராம் என்று வைத்தால் 64 கிலோ உப்பு. மூட்டை பிரித்துக் கொட்டிக் கொட்டிக் கை வெடித்தவன் சொல்கிறேன். துணி எடுத்துக்கொள்வது சாயத்தை மட்டும்தான். உப்பு அப்படியே சாக்கடைக்கு வரும். எதிர்மின் சாயத்தைப் பிடிக்கிற கேரியரை அந்த உப்பின் குளோரைடும் போட்டிக்கு வந்து பிடித்துக்கொள்ளும் என்று பேத்தியே ஒத்துக்கொண்டாள். சுத்தத் தண்ணீரில் கிடைத்த பலனை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயல்கள் கெட்டதும் உப்பால்தான். நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. ஆர்ஓ வடிகட்டியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்றடிக்க ஆகும் விறகு, கரண்ட் செலவை முதலாளிகளைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இந்த முறை உப்பைத் தொடாமல் சாயத்தை மட்டும் எடுக்குமானால், எங்களுக்கு அதுதான் லாபம். எல்லாத் தண்ணீரையும் ஒன்றாகக் கலக்கிவிட்டுச் சுத்தம் செய்யாமல், உப்பு நிறைந்த முதல் பாத்தை (சாயம் போட்டு முடிந்ததும் தொட்டியில் நிற்கும் தண்ணீரை) மட்டும் தனியாகப் பிடித்து நிறத்தை எடுத்தால், அந்த உப்புத் தண்ணீரை அடுத்த லாட் துணிக்கே ஓட்டலாம். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டு நிறம் எடுப்பதில் சேரும் கசடு மூட்டைகளும் குறையும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் மட்டும் அதில் தங்கக் கூடாது. தங்கினால் துணி திட்டுத் திட்டாக வரும், பையர் திருப்பி அனுப்பிவிடுவான்.

எனவே பேராசிரியர்களே, காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுவிட்டு, கருப்பு லாட்டின் முதல் பாத்தைச் சூட்டோடு வாங்கிச் சோதியுங்கள். வெளுத்த தண்ணீரில் மறுபடி சாயம் போட்டு ஷேடு பார்க்க ஒரு டையிங் மாஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் பழைய பட்டறையில் கேட்டு ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பேத்தியிடம் கொடுத்தனுப்பினேன். பஸ்ஸில் மூடி கசிந்து அவள் துப்பட்டா கருப்பானதுதான் இதுவரை கண்ட பலன். மீதி நாலு லிட்டர் லேபில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டையிங் மாஸ்டர்,
திருப்பூர்