முள் மழுக்கிய மரம்

கோபிசெட்டிபாளையம்
தை 20

அன்புள்ள நாச்சிமுத்து,

மஞ்சள் வெட்டு முடிந்து வேகவைக்கும் வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தாய்; இந்த முறையாவது ஈரோட்டில் நல்ல விலை கிடைக்கட்டும். மஞ்சளுக்கு இத்தனை மருந்துக் குணம் சொல்கிறவர்கள் அதை ஏன் புற்றுநோய்க்கு மாத்திரையாகக் கொடுப்பதில்லை என்றும் கேட்டிருந்தாய். மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. குடல் உறிஞ்சும் சொற்பத்தையும் உடல் விரைவாக உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. இத்தகைய மருந்துகளைச் சுமப்பதற்கான டென்ட்ரைமர் என்ற மூலக்கூற்றில்தான் என் மகள் இப்போது ஆய்வு செய்கிறாள்.

கிரேக்கத்தில் 'டென்ட்ரான்' என்றால் மரம். நடுவிலுள்ள கருவிலிருந்து கிளைகள் புறப்பட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு நுனியும் இரண்டாகப் பிரியும். டவ் நிறுவனத்தில் டொமாலியா குழுவினர் உருவாக்கி 1985-இல் வெளியிட்ட 'பாமம்' வகையில், எத்திலீன்டைஅமீனைக் கருவாகக் கொண்டால், முதலில் 4 நுனிகள், ஐந்தாம் தலைமுறையில் 128. அவ்வளவு பெருகியும் குறுக்களவு 5 நானோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. கரையாத மருந்து அந்தக் கிளைகளின் இடுக்கில் ஒண்டிக்கொள்ளும்.

வில்லங்கம் நுனிகளில்தான் இருக்கிறது. பாமத்தின் நுனிகள் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதிகள்; அவை உடலில் நேர்மின்னேற்றம் பெறுவதால், எதிர்மின்னேற்றமுள்ள செல் சவ்வில் ஒட்டி அதைத் துளைக்கின்றன, சிவப்பணுக்களையும் உடைக்கின்றன. நம் கொறங்காட்டு வெள்வேலமரத்தை நினைத்துக்கொள்: நிழலுக்கு ஒதுங்கப் போனால் முள் குத்தும். ஆகவே அந்த நுனிகளை அசெட்டைல் தொகுதிகளால் மழுக்குகிறார்கள், அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளால் போர்த்துகிறார்கள். போர்த்தியது குருதியில் கூடுதல் நேரம் தங்கும். ஆனால் அளவு மீறிப் போர்த்தினால் செல்லுக்குள் நுழைவதே அரிதாகிவிடும். எதிர்மின்னேற்றமுள்ள மரபணுவைச் சுமக்க வேண்டுமென்றாலோ அந்த நேர்மின்னேற்றமே பிடிப்பு என்பதால் முழுக்க மழுக்கவும் முடியாது.

மிச்சம் வைத்த நுனிகளில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைக் கட்டுவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. பல புற்றுச் செல்கள் அதைப் பற்றும் ஏற்பிகளை மிகுதியாக வைத்திருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இவ்வாறு மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி எலிகளுக்குச் செலுத்தியபோது, தனி மருந்தைவிடக் கட்டி நன்றாகக் கட்டுப்பட்டதென 2005-இல் எழுதினார்கள். எலியில் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை என்பதால் நான் துள்ளிக் குதிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்டார்ஃபார்மா விற்பனைக்குக் கொண்டுவந்த டென்ட்ரைமர் கூட எந்த மருந்தையும் சுமப்பதில்லை. பெண்ணுறுப்புப் பாக்டீரியத் தொற்றுக்கான அந்தக் களிம்பில் மேற்பரப்பே மருந்தாக வேலை செய்கிறது.

மகளின் தலைவலி வேறு. ஒரு மூலக்கூற்றுக்குச் சராசரியாக 5 ஃபோலிக் அமிலம் என்று கணக்கிட்டுக் கலந்தாலும், ஒன்றில் 2 மட்டும் ஒட்டும், இன்னொன்றில் 9 ஒட்டும், அபூர்வமாக ஒன்று வெறுங்கையோடு நிற்கும். நீ மஞ்சளை விரலி, கிழங்கு என்று கண்ணால் பார்த்துப் பிரித்துவிடுகிறாய். அவளோ அவற்றைப் பிரித்தெடுக்க வாரக்கணக்கில் நிறப்பகுப்புக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்புடன்,
சுப்பிரமணியம்