பிடிவாதக்காரிகளின் படங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணு,

ஜூலை லீவில் சின்னவளுக்குப் போட்டுக்காட்ட, பெண்பிள்ளை தைரியமாக இருக்கிற படங்களாகச் சொல்லச் சொன்னாய். நீ அனுப்பிய பட்டியலில் எல்லாருமே கையில் வாளோடு நிற்கிறார்கள். அடிதடி தெரிந்தால்தான் தைரியமா? எனக்குப் பிடித்தவர்கள் எல்லாம் வெறும் பிடிவாதக்காரிகள்.

முதலில் ‘வஜ்தா’வைப் போடு. 2012-இல் வந்த சவூதிப் படம். ரியாத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கடையில் பார்த்த பச்சை சைக்கிள் வேண்டும். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்கிறாள் அம்மா. விலையோ 800 ரியால். கைக்கயிறு பின்னிப் பள்ளியில் விற்றுப் பார்க்கிறாள், போதவில்லை. கடைசியில் பரிசுப் பணத்துக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியிலேயே சேர்ந்துவிடுகிறாள்! முடிவைச் சொல்லமாட்டேன். அதை எடுத்த ஹைஃபா அல்-மன்சூரும் லேசுப்பட்டவரில்லை. அப்போது அந்த ஊர்த் தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாது என்பதால், வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் சொல்லிச் சொல்லியே எடுத்திருக்கிறார். இதைப் படம் முடிந்த பிறகு சின்னவளிடம் சொல். முன்னாலேயே சொன்னால் பள்ளிப் பாடம் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’, 1989, ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் கார்ட்டூன் படம். 13 வயதானதும் சூனியக்காரப் பெண்கள் வீட்டைவிட்டுப் போய் வேறு ஊரில் ஒரு வருஷம் பிழைக்கவேண்டும் என்று அங்கே வழக்கம். கிகி துடைப்பத்தில் பறந்து பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள். வில்லனே கிடையாது. ஒரு பாட்டி பேத்தியின் பிறந்தநாளுக்கு மீன் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்கிற பண்டத்தை, கிகி மழையில் நனைந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தப் பேத்தி, எனக்கு இது பிடிக்காதே என்று கதவைச் சாத்திவிடுவாள். (நான் அனுப்பும் முறுக்குக்கு உன் வீட்டில் என்ன கதி என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.) நடுவில் கிகிக்குப் பறக்கவே வராமல் போகிறது. ஓவியம் வரைகிற பெண்ணொருத்தி, எனக்கும் வரைய வராமல் போகும், அப்போது விட்டுவிட்டு நடப்பேன், தூங்குவேன் என்பாள். அந்த இடத்தை நீயும் கூட உட்கார்ந்து பார். ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ் வேலை என்கிறாயே.

‘வேல் ரைடர்’ நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதை. தாத்தா ஆண் வாரிசைத் தேடுகிறார், பேத்தி கண்ணெதிரே நிற்கிறாள். நம் சொந்தத்திலும் அப்படிப்பட்ட தாத்தாக்கள் உண்டு, பேர் வேண்டாம். அதில் நடித்த கெய்ஷா காசில்-ஹியூஸின் பெயர் 13 வயதிலேயே சிறந்த நடிகை ஆஸ்கர் பட்டியலில் இருந்தது.

மீரா நாயரின் ‘குவீன் ஆஃப் கட்வே’யில் உகாண்டாவின் கம்பாலாவில் சோளம் விற்கும் பியோனா செஸ் ஆடப் போகிறாள். நடந்த கதை, கொஞ்சம் நம் ஜோகன்னஸ்பர்க்கிலும் எடுத்தார்கள். பெயர்கள் ஓடும்போது டிவியை அணைத்துவிடாதே. நடித்தவர்களும் நிஜ மனிதர்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ மட்டும் அங்கே போடவேண்டாம். தத்துப்பிள்ளை என்று தெரிந்த அமுதா, பெற்றவளைத் தேடி இலங்கைச் சண்டைக்கு நடுவே போவாள். குண்டுச் சத்தத்துக்கு நம் சின்னவள் பயப்படுவாள், தமிழும் அரைகுறை. இங்கே வரட்டும், ஆயா நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லிக் காட்டுகிறேன். பையில் ஒரு ஸ்வெட்டர் போதும். கேப்டவுன் குளிர் இங்கே கிடையாது.

அம்மா