ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்பாவுக்கு

லண்டன்,
5.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. போனில் "சரி, வை" என்பதோடு முடித்துவிடுகிறீர்கள், கடிதத்தில் மட்டும் நான்கு பக்கம்! ரசீது புத்தகத்தில் எழுதிய அதே கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது.

முதலில் அம்மாவுக்கு. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய், வாழைப்பூ, கொத்தவரங்காய் எல்லாம் விற்கிறார்கள். தினமும் பார்த்துக்கொண்டேதான் போகிறேன். குளிர் இன்னும் பெரிதாக இல்லை. ஹீட்டர் போட்டால் எனக்கு மூக்கு வறண்டுவிடுகிறது, அதனால் போடுவதில்லை. அக்கா கொடுத்த ஸ்வெட்டரும் இன்னொன்றுமாக இரண்டு போட்டால் போதும். அறையில் கூட இருக்கும் பையன்கள் நல்லவர்கள். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் கட்டிலுக்குப் போட்டியில்லை.

"அந்த ஊர் முனிசிபாலிட்டி எப்படி, வரி ஒழுங்காக வசூலாகிறதா?" என்று கேட்டிருந்தீர்கள். ரிட்டயர் ஆகியும் புத்தி போகவில்லை பாருங்கள். இங்கே அதற்குக் கவுன்சில் என்று பேர். எங்கள் நியூஹாம் கவுன்சில் இந்த வருஷம் வரியைக் கிட்டத்தட்ட 9 சதவீதம் ஏற்றியது. 5 சதவீதத்தைத் தொட்டாலே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இவர்கள் அரசாங்கத்திடம் தனி அனுமதி வாங்கி ஏற்றினார்கள். காரணம், வீடில்லாதவர்களைத் தங்கவைக்கும் செலவு. இந்த வட்டாரத்தில் சுமார் 20 குடும்பத்துக்கு ஒன்று அப்படித் தற்காலிக இடத்தில் இருக்கிறது. நாட்டிலேயே இங்குதான் அதிகம்.

நான் ராத்திரி வேலை பார்க்கும் இடமும் அப்படிப்பட்டதுதான். பேருக்குத்தான் ஹோட்டல், சுற்றுலா வருகிறவர் ஒருவரும் இல்லை. வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்த குடும்பங்களுக்குக் கவுன்சில்கள் பணம் கொடுத்து அறை எடுக்கின்றன. ஒரே அறையில் அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு சூட்கேஸ் அடுக்கு. சமையலறை கிடையாது. பிள்ளைகள் சீருடையோடு படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகின்றன; நான் வேலைக்கு வரும்போது கால்களை ஒதுக்கி வழிவிடும். பிள்ளைகள் உள்ளவர்களை இப்படி 6 வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று சட்டம். சட்டம் பாட்டுக்கு இருக்கிறது. இங்கிலாந்து முழுக்க 1,30,000 குடும்பங்களுக்கு மேல் தற்காலிக இடங்களில் இருக்கின்றன. 2024-25-ல் கவுன்சில்கள் இதற்குச் செலவழித்தது சுமார் 280 கோடி பவுண்டு. ரூபாயில் போட்டுப் பார்க்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

ஆனால் இதே கவுன்சிலுக்குச் சொந்தமான வீடுகள் பூட்டியும் கிடக்கின்றன! எங்கள் கீழ்வீட்டுத் தாத்தா ஒருநாள் என்னைப் பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கூட்டிப்போனார். இவர் ஒரு விசித்திரமான ஆள். தினமும் ஒரு மந்திரிக்கோ பத்திரிகைக்கோ பென்சிலால் கடிதம் எழுதி, நகலைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். உங்கள் கவுன்டருக்கு வந்திருந்தால் நீங்கள் டீ குடிக்க எழுந்து போயிருப்பீர்கள். அங்கே கார்ப்பென்டர்ஸ் எஸ்டேட் என்று கவுன்சிலின் வாடகைக் குடியிருப்பு, மூன்று உயரமான கட்டடங்களும் சுற்றிச் சின்ன வீடுகளும். 2004 வாக்கிலிருந்து குடியிருந்தவர்களைக் காலி செய்ய வைத்தார்கள். பழுது பார்த்தால் கட்டுப்படியாகாது, இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று கணக்கு. ஒரு பல்கலைக்கழகம் வருவதாகச் சொல்லி 2013-ல் பின்வாங்கியது. 2012 ஒலிம்பிக்ஸின்போது ஒரு கட்டடத்தின் மேல்மாடிகளில் டிவிக்காரர்கள் கேமரா வைத்துப் படம் எடுத்தார்கள். ஆள் குடியிருக்க லாயக்கில்லை, ஆனால் கேமராவுக்கு லாயக்கு என்று தாத்தா சிரித்தார். 2014-ல் விடுதியிலிருந்து வெளியேற்ற நோட்டீஸ் வாங்கிய இளம் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு அங்கே காலி வீடுகளில் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பர்மிங்ஹாம், மான்செஸ்டர் என்று முகம் தெரியாத ஊருக்குப் போகச் சொன்னால் யார் போவார்கள்? இப்போதுதான் அங்கே மராமத்து வேலை நடக்கிறது.

ஏன் இப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். கவுன்சில் வீடுகளின் வாடகைப் பணம் தனி நிதி, ஹோட்டல் பில் பொது நிதி. நம் ஊரில் குடிநீர் நிதியை எடுத்து ரோடு போட முடியாதல்லவா, அதே கதை. வீட்டு நிதியில் பழுது பார்க்கப் பணமில்லை, அதனால் வீடு பூட்டு. தங்கவைக்கும் செலவுக்கு அரசாங்கம் திருப்பித் தருவதும் 2011 வாடகை நிலவரத்தில் 90 சதவீதம் வரைதான். மீதி கவுன்சில் தலையில். போதாததற்கு 1980-லிருந்து குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்றதில் 20 லட்சத்துக்குப் பக்கமாக வீடுகள் கைவிட்டுப் போயின. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. இத்தனை வருஷம் கணக்கு எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார், இரண்டு பெண் பிள்ளைகளோடு. போன வெள்ளிக்கிழமை அந்த அறையிலிருந்து கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசனை. அறையில் சமைக்கக்கூடாது, சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார்கள். கதவைத் திறந்தவர் பயந்துபோய், ஒன்றும் பேசாமல் காகிதத் தட்டில் சோறும் பருப்பும் வைத்து நீட்டினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். நம் வீட்டுக்கு வர வேண்டும் போல இருந்தது அப்பா, உடனே, அப்படியே. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

சரி, ஊரில் நம் தாத்தா வீட்டு விஷயம். நீங்கள் ஒரு பூட்டு, பெரியப்பா ஒரு பூட்டு என்று எத்தனை வருஷம் போட்டு வைப்பீர்கள்? சித்தி மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் அந்த இருட்டு வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறார். பாகப் பிரிவினை ஆகிறபோது ஆகட்டும், அதுவரை சித்தி குடியிருக்கட்டும். "வந்தவள் கிளம்பமாட்டாள்" என்று பெரியப்பா சொல்வார். வேண்டுமானால் 11 மாத ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், சொந்தத்துக்குள் பத்திரமா என்று நீங்களே திட்டுவீர்கள், தெரியும். அடைமழை பிடிப்பதற்குள் கொல்லைப்பக்கக் கூரை ஓடுகளை மட்டும் மாற்றிவிட வேண்டும். செலவு என் பொறுப்பு. ஆனால் இங்கே சம்பளக் கணக்கில் ஏதோ மாற்றம் செய்கிறார்களாம், தை பிறந்தால்தான் அனுப்ப முடியும். அதுவரை பெரியப்பாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். குட்டிப் பயல் காதுகுத்துக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அத்தானிடம் நான் போனில் பேசுகிறேன்.

அப்புறம், அந்த வீட்டுக்கு இரண்டாம் அரையாண்டு சொத்து வரியை இந்த மாதமே கட்டிவிடுங்கள், 5 சதவீதம் கழிவு உண்டு. ரசீதைச் சித்தி கையில் கொடுக்க வேண்டாம், பீரோவில் வையுங்கள்.

அன்புள்ள மகன்,
செந்தில்